முழங்கையில் ஒரு கட்டி

“புன்மீ அக்கா, உங்க வீட்டு அழுக்குதான் எம் பொண்ணுக்கு முழங்கையில கட்டியா வந்து நிக்குது. இனிமே இவள இங்க விடமாட்டேன்!”

தாய்லாந்தின் நக்கோன் பத்தோம் ஊரில் அந்தச் சந்து முழுக்கக் கேட்கும்படிதான் அரூனி கத்தினாள். புன்மீ அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பகலில் தன் வீட்டில் பார்த்துக்கொள்பவள். அடுத்த வாரத்திலிருந்து மற்ற பிள்ளைகளும் அவள் வீட்டுக்கு வரவில்லை.

அரூனியின் மகள், மூன்று வயது தாவின் கட்டி மட்டும் எந்தக் களிம்புக்கும் ஆறவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியிலிருந்து துளி சதையை எடுத்துப் பரிசோதித்தார்கள்.

“வீட்டுல மீன் வளர்க்கிறீங்களா?” என்றார் டாக்டர்.

“சண்டை மீனு டாக்டர். நம்ம மீனு இதுவரைக்கும் தோத்ததே இல்ல!” என்றான் அரூனியின் கணவன் விச்சாய்.

“மீன் தண்ணியில வர்ற கிருமி இது. மாசக்கணக்கா மருந்து குடுத்தா ஆறிடும். குழந்தை அந்தத் தண்ணியில கை வைக்குதா?”

“கிட்டயே விடமாட்டேன்” என்றான் விச்சாய்.

“மீன் ஜாடிய எதுல வச்சுக் கழுவுறீங்க?”

விச்சாய் மனைவியைப் பார்த்தான். அரூனி மகளின் முழங்கையைப் பார்த்தபடி சொன்னாள்.

“இவளக் குளிப்பாட்டுற தொட்டியிலதான். கழுவுறது நான்தான் டாக்டர்.”

மாலையில் அரூனி தாவை இடுப்பில் வைத்துக்கொண்டு புன்மீ வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்ததும் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. புன்மீயின் விரல்கள் தோலுரிந்து சிவந்திருந்தன.

“தினமும் ரெண்டு வேளை கழுவுறேன் அரூனி. சுவரக்கூட விடல. கட்டி இன்னும் ஆறலையா? எந்த மூலை என் கண்ணுக்குத் தப்புச்சோ தெரியலயே...”

அரூனி வாசலிலேயே மண்டியிட்டுக் கைகூப்பினாள்.

“என் கையாலதான்க்கா வந்துச்சு.”