இரண்டாவது சாட்சி

வயிறு வலிக்கச் சிரிக்கப் போகிறீர்கள். ஆனால் இப்போதே இல்லை. நான் சொல்லும்போதுதான்.

எங்கள் ஊர்ப் போதகர் கில்ஃபிலன் ஐயாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. எதிரே வருவது ஆளா மாடா என்று சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். நானோ நெசவாளி மகள் ஜோனெட், வயது பதினாறு. ஊரில் உள்ள அத்தனை பேர் குரலும் என் தொண்டைக்குள் குடியிருக்கிறது.

அதற்குள் சிரித்தால் எப்படி? பொறுங்கள்.

ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தைந்தாம் வருஷம் ராஜாவை எதிர்த்து நடந்த கலகத்தைப் பற்றி ஐயா சரித்திரம் எழுதுகிறார். இருபது வருஷமாக எழுதுகிறார்; கண் போன பிறகும் கைப் பழக்கத்தில் எழுதுகிறார். கலகத்தைப் பார்த்தவர் என்று யார் வந்தாலும் உட்கார வைத்து, ஓட்ஸ் ரொட்டி கொடுத்து, கேள்வி கேட்பார். இரண்டு சாட்சி ஒரே மாதிரி சொன்னால்தான் புத்தகத்தில் ஒரு வரி ஏறும். இரண்டாவது சாட்சி கை தூக்கிச் சத்தியமும் செய்ய வேண்டும். ஒருத்தர் மட்டும் சொன்னது வெறும் காற்று.

கடைசிக் கேள்வி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

"லூடோவிக்னு ஒரு பையன். உசரமா இருப்பான். எங்கேயாவது பார்த்தீங்களா?"

ஐயாவின் ஒரே மகன். பத்தொன்பது வயதில் கலகக்காரர்களோடு ஓடிப் போனவன். திரும்பி வரவே இல்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு கிழட்டுச் சிப்பாயின் குரலோடு, நொண்டிக்கொண்டே ஐயா வீட்டுக்குள் போனேன்.

"யாருப்பா அது?"

"டன்கெல்டு பக்கம், ஐயா. பேரு சாண்டர்ஸ். சண்டையில கால்ல குண்டு வாங்கினவன்."

"எந்தக் கால்ல?"

"மழை பேஞ்சா ரெண்டும் வலிக்குது. எதைன்னு சொல்ல?"

ஐயா சிரிக்கவில்லை. நேராகக் கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டார்.

"லூடோவிக்கா? பார்க்காமலா! சண்டை முடிஞ்சு மூணாம் நாள் மான்ட்ரோஸ் துறைமுகத்துல ஹாலந்து கப்பல் ஏறினாரு. ஒரு கீறல் இல்ல."

ஐயா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"இன்னொரு சாட்சி வேணும்," என்றார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள."

என்ன அவசரம் என்று நான் யோசிக்கவில்லை. என் பொய் அச்சில் வரப்போகிறது! எடின்பரோவில் பெரிய மனிதர்களெல்லாம் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படிக்கப் போகிறார்கள்! சிரிப்பை அந்த நாளுக்கென்று சேர்த்து வைத்தேன்.

வியாழக்கிழமை மீன்காரியாகப் போனேன். நாற்றம் இல்லாத மீன்காரி உண்டா? இடுப்பில் இரண்டு உப்பு மீனைச் செருகிக்கொண்டேன்.

"அட, அந்தத் தம்பியா! கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி என்கிட்டதான் மீன் வாங்கித் தின்னுச்சு. முள்ளு குத்திடுச்சுன்னு என்னையே ஏசுச்சு, சாமி!"

"சத்தமா சொல்லுங்கம்மா."

கண்தான் கெட்டது என்று நினைத்தேன், காதுமா? கத்திச் சொன்னேன்.

"இன்னும் சத்தமா. உயிரோடதானே போனான்?"

"உசுரோடதான்! குத்துக்கல்லாட்டம்!"

அவர் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. மைக்கூடு மூடியே இருந்தது.

"சரி. வலது கையைத் தூக்குங்க. நியாயத்தீர்ப்பு நாள்ல கடவுளுக்குப் பதில் சொல்வேன்னு சத்தியம் பண்ணுங்க."

இந்தக் கட்டத்தை நான் மறந்தே போயிருந்தேன். பொய்ச் சத்தியம் செய்தவர்களை எங்கள் ஆலயத்தில் மூன்று ஞாயிறு, சபை முழுக்கப் பார்க்க, குற்ற நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அதற்குப் பிறகு நரகம். கை எழவில்லை.

ஐயா குனிந்து என் காதுக்குள் பேசினார்.

"தூக்குடி, ஜோனெட். பாவம் என் தலையில."

என் இடுப்பிலிருந்து ஒரு மீன் நழுவித் தரையில் விழுந்தது.

"உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன் நான். உன் குரல் தெரியாதா? செவ்வாய்க்கிழமையே தெரியும்." அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "அவன் செத்து இருபது வருஷம் ஆச்சு. கூட இருந்த ரெண்டு பேர் அப்பவே வந்து சொல்லிட்டுப் போனாங்க. இவகிட்ட நான் சொல்லல. விசாரிக்கிறேன், விசாரிக்கிறேன்னே ஓட்டிட்டேன்."

அவர் முகம் திரும்பிய பக்கம் பார்த்தேன். சுவருக்குள் பதித்த பெட்டிக் கட்டில். அதன் மரக்கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. உள்ளே, படுத்த படுக்கையாக, அவர் மனைவி கிரிசெல் அம்மா.

"ஞாயித்துக்கிழமையைத் தாண்ட மாட்டாளாம். ஒரு சாட்சி சொன்னா நம்ப மாட்டா, நான் பழக்கின பழக்கம் அது. நான் பொய் சொன்னா என் குரலே காட்டிக் கொடுத்துடும். உனக்குத்தான் எத்தனையோ குரல் இருக்கே. தூக்கும்மா. அவன் உயிரோட இருக்கான்னு நினைச்சுக்கிட்டே போகட்டும்."

கையைத் தூக்கினேன். மீன்காரியின் குரல் வரவில்லை. சாண்டர்ஸ் குரலும் வரவில்லை. என் குரலைத் தேடினேன், அதுவும் இல்லை.

கட்டிலின் கதவு உள்ளிருந்து நகர்ந்தது.

"கையை இறக்குடி, ஜோனெட். சின்னப் பொண்ணு நீ. பொய்ச் சத்தியம் பண்ணாதே."

"கிரிசெல், நீ பேசாம படு. சாட்சி வந்திருக்காங்க. நம்ம பையன்..."

"அந்த ரெண்டு பேரும் அன்னைக்கு மொதல்ல சமையல்கட்டு வாசலுக்குத்தான் வந்தாங்க," என்றார் அம்மா, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி. "நான்தான் உங்ககிட்ட அனுப்பி வச்சேன்."

ஐயா இருட்டில் சுவரைத் தேடுகிறவர் மாதிரி கையை நீட்டினார்.

"அப்போ உனக்கு... இத்தனை வருஷமா...?"

"எனக்குத் தெரியாதுன்னே உங்ககிட்ட சொல்லச் சொல்லி அவங்களை அனுப்பினேன். என்கிட்ட மறைக்கிற வேலை ஒண்ணு இருந்தாத்தானே நீங்க காலையில எழுந்திருப்பீங்க?"