பக்கத்து இருக்கை

"இவ்வளவு வெடுக்குனு திரும்பக் கூடாது தம்பி. எங்க வீட்டுக்காரர் திரும்பினா, நீளமான ரயில் வளைவுல போற மாதிரி இருக்கும்."

லியுபிங்கா அம்மாள் ஆண்கள் தொப்பி ஒன்றை அணிந்திருந்தாள். அதன் விளிம்பில் மூன்று சிறு விளக்குகள். அவள் தலை அசைய அசைய, திரைமேல் இருந்த கேமரா அந்த விளக்குகளைத் தொடர்ந்தது. திரையில் ஓடிய விமான விளையாட்டில் விமானியின் தலையும் அப்படியே அசைந்தது.

நெனாத் வேகத்தைக் குறைத்தான். ஊர் ஊராகப் போய் இந்தக் கருவிகளைச் சரிசெய்து கொடுப்பது அவன் தொழில்.

"அம்மா, விளையாடுறவர் தலைக்குத்தான் அளவு வைக்கணும். ஐயாவைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்."

"கீழே வாசக் கதவுல ஒட்டியிருக்கே, பார்க்கலையா?"

பார்த்திருந்தான். கறுப்புக் கரையிட்ட மரண அறிவிப்பு, மீசை வைத்த ஒருவர் படம். யாரோ என்று நினைத்து மாடியேறி வந்திருந்தான். அவர்தான் இந்த வீட்டு ஐயா என்று இப்போதுதான் புரிந்தது.

"நேத்துதான் நாற்பதாம் நாள்" என்றபடி அவள் வேகவைத்த கோதுமைக் கிண்ணத்தை நீட்டினாள். இறந்தவர் நினைவாக ஆளுக்கு ஒரு கரண்டி சாப்பிடுவது வழக்கம். நெனாத் சிலுவைக் குறி இட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

"கடவுள் அவர் ஆத்மாவை மன்னிக்கட்டும். ஆனா... அவர் தலை மாதிரி எதுக்கும்மா?"

"ஸ்தேவானுக்காக. வடக்கே எங்கேயோ இருக்காரு. ஒரு தடவைகூட நேர்ல பார்த்ததில்லை. காது கேட்காது, அதனால போன் பேச்சும் கிடையாது. சாயங்காலமானா ரெண்டு பேரும் ஒரே விமானத்துல உட்காருவாங்க. அதைத் தானாப் பறக்க விட்டுட்டு, டான்யூப் ஆத்துமேல வேடிக்கை பார்த்துக்கிட்டே போவாங்க. பேச்செல்லாம் தலையாலதான்."

"விஷயத்தை எழுதி அனுப்பிடலாமே."

"எழுதினேன் தம்பி. அனுப்பக் கை வரலை. அவருக்குப் பொண்டாட்டியும் போயிட்டா, மகள் எப்பவாவதுதான் வருவா. இந்த ஒரு துணையும் போச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் ஒடிஞ்சு போயிடுவாரு. இத்தனை நாளா இவருக்கு உடம்பு சரியில்லைன்னு எழுதிச் சமாளிச்சேன். ஆனா இன்னிக்கு நான் வெடுக்குனு திரும்பினா கண்டுபிடிச்சிருவாரு. எங்க ராடோவான் கல்யாணத்தன்னிக்கே என்னை மெதுவாத்தான் திரும்பிப் பார்த்தாரு, சோம்பேறி."

நெனாத் சிரிக்க முயன்றான். மூலையில் புனிதர் படத்தின் முன்னால் எண்ணெய் விளக்கு எரிந்தது. அவன் மறுபடி அளவைத் திருத்தினான். அவள் திரும்பினாள். திரையில் விமானியின் தலை சற்றுத் தாழ்ந்து, நிதானமாக இடப்பக்கம் போயிற்று.

"அவரேதான்" என்றாள் அம்மாள்.

அப்போது பக்கத்து இருக்கையில் இன்னொரு தலை தோன்றியது.

"வந்துட்டாரு. பேசாம இரு."

காது கேளாதவருக்கு எதற்கு மௌனம் என்று நெனாத் கேட்கவில்லை.

ஸ்தேவானின் தலை இரண்டு முறை ஆடியது. அம்மாள் மெதுவாக இரண்டு முறை ஆட்டினாள். ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அந்தத் தலை இந்த விமானி இருந்த வலப்பக்கம் திரும்பியது. பாதியில் நின்று லேசாக நடுங்கியது.

"நம்பிட்டாரு" என்று அவள் கண்ணைத் துடைத்தாள். "பாவம், வலப்பக்கம் அதுக்கு மேல கழுத்து வராது. நடுக்கம் வேற. ஆனா அந்த நடுக்கத்தைப் பார்த்தாத்தான் எனக்கும் பொழுது போன மாதிரி இருக்கு."

நெனாத்தின் கை கணினிச் சுட்டியின்மேல் அப்படியே நின்றது.

"என்னப்பா, ஏதாவது தப்பா?"

"இல்லைம்மா. எல்லாம் சரியா இருக்கு. ரெண்டு பக்கமும்."

அவன் கோதுமைக் கிண்ணத்தை எடுத்து இன்னொரு கரண்டி வாயில் போட்டு, சிலுவைக் குறி இட்டான்.

"இது யாருக்கு?"

"எனக்குத் தெரிஞ்ச வீட்டுல ஒருத்தருக்கும்மா."

போன மாதம் வடக்கே சோம்போரில், அதே போன்ற மரண அறிவிப்பு ஒட்டிய ஒரு வீட்டில், "அப்பா போனது தெரிஞ்சா பக்கத்து இருக்கைக்காரர் தாங்க மாட்டாரு" என்று அழுத மகளின் தலைக்கு, பாதியில் நின்று நடுங்கும் அந்தத் திரும்பலை அமைத்துக் கொடுத்தது அவன்தான்.