ஒழுகின இடம்

"இங்கேதான் எங்கேயோ ஒழுகியிருக்கணும். நல்லாப் பாருண்ணே," என்றான் புன்லெர்ட். காலையில் வாங்கிய ஒட்டரிசிப் பொட்டலம் அவன் கையில் பிரிக்கப்படாமலே இருந்தது.

பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார் மெக்கானிக் பிரயோங். இன்ஜின் முழுக்கப் பவுடர் தூவி, ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தாயிற்று. எண்ணெய் கசிகிற இடத்தில் பவுடர் கறுக்க வேண்டும். இதுவோ, குளிப்பாட்டிய குழந்தையின் முதுகுபோல வெள்ளையாகவே இருந்தது.

"வால்வு மூடி, ஃபில்டர், டிரெயின் போல்ட் எல்லாமே இறுக்கமா இருக்குடா."

"அப்ப போன மாசம் எப்படிண்ணே ஒழுகுச்சு? அடியில விரிச்ச அட்டையெல்லாம் கறை!"

"இப்ப ஒரு சொட்டு இல்லையே."

"இன்னைக்கே கண்டுபிடிண்ணே. இல்லேன்னா நான் வீட்டுக்குப் போக முடியாது. வாசல்ல நாப்பது பேரு ஊதுவத்தியோட நிக்கிறாங்க."

பிரயோங் சரேலென்று வெளியே வந்தார்.

"அடப்பாவி! லாட்டரியில நாப்பத்தேழு விழும்னு காட்டின வண்டி இதுதானா?"

"இதேதான். அட்டையில எண்ணெய் சொட்டிச் சொட்டி, நாலும் ஏழும் அப்படியே தெரிஞ்சுது. தெருவே ஜெயிச்சுது. நாளைக்கு அடுத்த குலுக்கல். ஒழுகின இடத்தை மட்டும் சொல்லுண்ணே, நானே கொஞ்சம் தளத்தி விட்டுடுறேன்."

"அது சரி, நல்லா ஒழுகிட்டு இருந்தது எப்படிடா நின்னுச்சு?"

புன்லெர்ட் தலையைச் சொறிந்தான்.

"ஜெயிச்ச காசுல, மொத வேலையா டவுன் ஒர்க்ஷாப்புல குடுத்து ஒழுக்கை அடைச்சுட்டேண்ணே."