ஆட்சேபம்

"நல்லாப் பாருங்கம்மா. கெடாம இருக்கறதுக்குக் கட்டாயம் ஏதாவது கலந்திருக்கும்."

உணவுப் பரிசோதனைக் கூடத்துக்கு பிஸ்கட் டப்பாவோடு வந்த பெரியவர் விடாப்பிடியாக நின்றார். எவனோ ஒரு பேக்கரிக்காரனை உள்ளே தள்ளாமல் ஓயமாட்டார் போலிருக்கிறது என்று ஆய்வாளர் நினைத்துக்கொண்டார். ஒரு பிஸ்கட்டைப் பொடித்துக் கரைத்து, அதில் சோதனைத் தாளை நனைத்தார். நிறம் மாறவில்லை.

"ஒண்ணும் கலக்கல ஐயா. சுத்தமான சரக்கு."

பெரியவரின் முகம் தொங்கிப் போயிற்று. "அப்போ சீக்கிரம் கெட்டுடுமா?"

"கொஞ்ச நாள்ல சிக்கு வாடை வந்துடும். அதுக்கென்ன, சாப்பிட்டுடுங்க."

"என் வீட்டுக்காரி பொண்ணுக்காகச் செஞ்சதும்மா. செஞ்ச வாரமே போய்ச் சேர்ந்துட்டா. பொண்ணு கப்பல்ல வேலை பார்க்கறா, வர ஆறு மாசம் ஆகும். எங்க வீட்டு ஃப்ரிட்ஜை நம்ப முடியாது, எப்பப் பார்த்தாலும் கரண்ட் போயிடுது. செஞ்சவ ஏதாவது கலந்திருந்தா அதுவரைக்கும் தாங்குமேன்னு பார்த்தேன்."

டப்பாவை மூடப்போன ஆய்வாளரின் கை நின்றது.

"என் முடிவுக்கு ஆட்சேபம் சொல்லுங்க ஐயா."

"ஐயோ, நீங்க சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்."

"சரின்னுட்டா டப்பாவைத் திருப்பிக் கொடுத்துடணும். ஆட்சேபம்னா, மறு சோதனை வரைக்கும் மீதியை எங்க ஃப்ரீசர்ல பூட்டி வெச்சே ஆகணும். இங்க கரண்டே போகாது. மறு சோதனைக்கு ஒரு பிஸ்கட் போதும். தேதியை நீங்களே சொல்லலாம்."

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கூடமே திரும்பிப் பார்க்கும்படி மேசையில் ஓங்கித் தட்டினார்.

"ஒத்துக்கவே மாட்டேன்!"