முதலில் எந்த மரம்

கஸ்தூரி வீட்டுத் தென்னையிலும் ஜெசிந்தா வீட்டுத் தென்னையிலும் ஒரே மாதத்தில் அடியில் செந்நீர் வடிய ஆரம்பித்தது. எந்த மரத்து நோய் எதற்குத் தொற்றியது என்று காம்பவுண்டுச் சுவருக்கு மேலே நடந்த சண்டையை, தெருவே அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டது. கடைசியில் மாடி வீட்டு ஆராய்ச்சிக்காரி சங்கமித்ரா இரண்டு மரத்திலிருந்தும் பூஞ்சையை எடுத்துப்போய், அதன் மரபணு முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு நான்கு மாதம் கழித்து வந்தாள்.

“ரெண்டும் ஒரே பூஞ்சைதான் அக்கா. மண்ணுக்குள்ள வேர் வழியா பரவுது. ரெண்டு மரத்தையும் வெட்டிட்டு, சுத்தி ஆழமா பள்ளம் எடுத்துடுங்க. தெருவுல மிச்ச மரமாவது பிழைக்கும்.”

“அதெல்லாம் இருக்கட்டும்மா,” என்றாள் ஜெசிந்தா. “முதல்ல எதுல வந்துச்சு?”

“அது இதுல தெரியாதுக்கா.”

“அப்ப நாலு மாசமா என்னத்தத்தான் படிச்சே?” என்றாள் கஸ்தூரி.

முதலில் வெட்டுகிறவள் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். அதனால் இருவருமே வெட்டவில்லை. சங்கமித்ரா தினமும் இரண்டு வாசலிலும் நின்று கெஞ்சினாள். இரண்டு வீட்டிலும் காபி கிடைத்தது, கோடாரிதான் வெளியே வரவில்லை.

நேற்றுக் காலை பொதுக்குழாய் பக்கத்துத் தென்னையின் அடியில் அதே பூஞ்சையின் பழுப்புக் காளான் ஒன்று தட்டு மாதிரி முளைத்திருந்தது. சங்கமித்ரா தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். விஷயம் தெரிந்து இருவரும் ஓடிவந்தார்கள், குனிந்து பார்த்தார்கள், பிறகு ஒரே குரலில் சொன்னார்கள்:

“இது எங்க வீட்டுது இல்ல.”