குடமுருட்டித் திட்டு

பதினொன்றாவது விடைத்தாளிலும் குடமுருட்டி வந்தது.

தஞ்சாவூரில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம். சமூக அறிவியல். காலையில் ஒரு கட்டு, பதினைந்து தாள். வேறு மாவட்டத்துத் தாள்கள்தான் எங்களுக்கு வரும். பெயரும் ஊரும் இருக்காது. தேயிலை பற்றிய கேள்விக்கு ‘எங்கள் தோட்டத்தில்’ என்று எழுதியிருந்தார்கள். மலைப்பக்கம் போல.

வட்டப் பவளத்தீவு எப்படி உருவாகிறது என்பது ஐந்து மதிப்பெண் கேள்வி.

விடை எளிது. கடலில் ஓர் எரிமலைத் தீவு. அதைச் சுற்றிப் பவளம் வளர்கிறது. தீவு கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல மெல்ல அமிழ்கிறது. பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும், அதனால் மேலே மேலே கட்டிக்கொண்டே போகிறது. கடைசியில் மலை மூழ்கிவிடும். வளையம் மட்டும் நிற்கும், நடுவில் தண்ணீர்.

இந்தப் பிள்ளைகள் வேறு மாதிரி எழுதியிருந்தார்கள். ‘குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் வடிந்ததும் மணல்திட்டு தெரிவதைப்போல, கடல் வடிந்ததும் பவளத்தீவு வெளியே தெரிகிறது.’

ஓர் எழுத்துகூட மாறவில்லை.

மேட்டூரை அடைத்தால் வடிவதற்குக் கடல் என்ன வாய்க்காலா?

பதினொன்றுக்கும் பூஜ்ஜியம் போட்டேன். கை கூசவில்லை. கோபம்தான் வந்தது.

பன்னிரண்டாவது தாள்தான் சிக்கல். அதிலும் குடமுருட்டிதான். இந்தக் கேள்வியை விட்டுவிட்டுக் கூட்டினால் முப்பத்து நான்கு. தேற முப்பத்தைந்து வேண்டும். குண்டு குண்டான கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. தெரிந்ததையெல்லாம் எழுதிவிட்ட பிள்ளை.

முப்பத்து நான்கில் எந்தத் தாளையும் நாங்கள் விடுவதில்லை. எங்காவது ஒன்று தேடிப் போட்டுவிடுவோம். இரண்டு முறை முதலிலிருந்து புரட்டினேன். கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது பவளத்தீவுதான்.

எங்கள் குழுவின் முதன்மைத் தேர்வாளர் இராஜாங்கம் சார் வந்து எட்டிப் பார்த்தார்.

“நம்ம ஊர்க் குடமுருட்டியக் கண்ணால பாத்திருக்காதுங்க. டீச்சர் சொன்னத அப்படியே எழுதியிருக்கு, பாவம். ஒரு மார்க் போட்டு, எதுக்குன்னு ஓரத்துல எழுதுங்க ஃபிளோரா டீச்சர். நான் கையெழுத்துப் போட்டுடறேன்.”

ஓரத்தில் பேனாவை வைத்தேன். எழுத ஒரு காரணம் இருந்தது. அதை எழுதினால் என் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்.

பூஜ்ஜியம் போட்டேன்.

சார் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

குடமுருட்டி என்னுடைய வாக்கியம். பாபநாசத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று நானாகச் சொன்னது. தப்பு என்று பிறகு தெரிந்தது. எட்டு வருடமாகச் சரியாகத்தான் நடத்துகிறேன். அதற்கு முன்னால் படித்துப் போனவர்களை யார் தேடிப் போய்ச் சொல்வது?

அவர்களில் ஒருத்தி பூவிழி. இப்போது நீலகிரியில் சமூக அறிவியல் டீச்சர். இந்தப் பொங்கலுக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பியிருந்தாள். கீழே இன்னொரு வரி: ‘பவளத்தீவுக்கு இன்னமும் நீங்க சொன்ன குடமுருட்டிதான் டீச்சர். பசங்க மறக்கவே மாட்டேங்குறாங்க.’

தேர்வுக்கு அப்போது இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது.

நான் ஒரு ஸ்மைலி அனுப்பினேன்.