கதவுக் காட்சி

"கதவை மேடைல ஏத்தாதீங்க. அப்படியே சுவத்தைப் பாக்கத் திருப்பி வைங்க."

இயக்குநர் சொன்னதும், மரக்கதவைத் தூக்கி வந்த இருவரும் பாதி வழியில் நின்றார்கள். மணி அடித்தால் நாடகம் தொடங்கிவிடும்.

"கதவு இல்லாம கடைசிக் காட்சியை எப்படிண்ணே நடிக்கிறது?" என்றாள் தையல்காரி. பகலில் வீட்டில் தைப்பாள், மாலையில் இந்தக் குழுவில் நடிப்பாள்.

"இன்னைக்குக் கடைசிக் காட்சியே கிடையாது."

"ஏன்?"

இயக்குநர் துப்பறிவாளரைப் பார்த்தார். அது குழு வைத்த பட்டப்பெயர். நாடகம் போட யார் பண உதவி செய்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தேடிப் பிடிப்பதுதான் அவர் வேலை. திரை இடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"நமக்குப் பணம் கொடுக்கிற அறக்கட்டளை யாரோடதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. துணி கம்பெனி முதலாளியம்மாவோடது. முன்வரிசைல உக்காந்திருக்காங்க. இந்தப் பக்கம் ஒரு மகன், அந்தப் பக்கம் ஒரு மகன்."

எல்லோரும் தையல்காரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தக் கம்பெனியில் தீப்பிடித்தபோது பின்கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. உள்ளே மாட்டிக்கொண்டு செத்தவர்களில் தையல்காரியின் அக்காவும் ஒருத்தி.

கடைசிக் காட்சி அதுதான். கதவுக்குப் பின்னால் நின்று தையல்காரி தட்டுவாள். பார்க்க வந்தவர்களில் யாராவது எழுந்து, மேடையேறி, தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும். திறக்கும்வரை நாடகம் முடியாது. இந்தக் குழுவின் வழக்கம் அது. ஓரிடத்தில் கை வீங்கும்வரை தட்டியிருக்கிறாள்.

"பெரிய துப்பறிவாளர். இதை முன்னாடியே கண்டுபிடிக்கக் கூடாதா?" என்றாள்.

"அறக்கட்டளைக்குக் கம்பெனி பேரையா வெச்சிருக்காங்க? 'வெளிச்சம்'னு பேர் வெச்சா நான் என்னத்தைக் கண்டேன்?"

"பணம் போனாப் போகுதுண்ணே. அக்காவுக்காகத்தான் இந்த நாடகமே. அந்தக் காட்சி இருக்கட்டும்."

"பணம் மட்டும்னா பரவாயில்லம்மா" என்றார் இயக்குநர். "பாக்க வந்தவங்கள்ல பாதிப் பேர் அங்க வேலை பாக்கிறவங்க. முதலாளி கண்ணு முன்னாடி எழுந்து வந்து கதவைத் திறக்கிறவன், நாளைக்கு வேலைக்குப் போக முடியுமா?"

"அவங்களுக்காகவா பயப்படறீங்க?"

"எனக்காகவும்தான்."

தையல்காரி திரையை விலக்கிப் பார்த்தாள். பையன்கள் இருவரும் போனில் மூழ்கியிருந்தார்கள். நடுவில் அந்தம்மா மட்டும் நாற்காலியில் சாயாமல், மேடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்வை நேராகத் தன் மேலேயே விழுவதுபோல் இருந்தது.

திரையை விட்டாள்.

"எடுத்துடுங்கண்ணே" என்றாள் மெல்ல.

கதவு சுவரைப் பார்த்துத் திரும்பியது.

நாடகம் ஒரு வேடிக்கைப் பாட்டோடு முடிந்தது. பலத்த கைதட்டல். பையன்கள் மேடைக்குக் கீழே வந்து இயக்குநரின் கையைக் குலுக்கினார்கள்.

"என்னமோ அழ வெப்பீங்கன்னு பாத்தோம். நல்லா சிரிக்க வெச்சிட்டீங்க" என்று பெரியவன் சொன்னான். இருவரும் காருக்குப் போனார்கள்.

இயக்குநர் அப்போதுதான் மூச்சு விட்டார்.

"பிழைச்சோம்" என்றார் துப்பறிவாளர். சொல்லி வாய் மூடுவதற்குள் முதலாளியம்மா தனியாக ஒப்பனை அறைக்குள் வந்து நின்றார்.

"கதவு எங்க?"

"எந்தக் கதவும்மா?"

"போன மாசம் பக்கத்து ஊர்ல போட்டீங்களே, கடைசி வரிசைல உக்காந்து பாத்தேன். அப்ப இருந்துச்சு."

இயக்குநர் எழுந்து கைகூப்பினார்.

"அது... உங்க மனசு புண்படும்னு எடுத்துட்டோம்மா. இனிமே எங்கயும் வராது. எழுதி வேணும்னாலும் தர்றோம்."

அந்தம்மா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. சுவரோரம் போய்க் கதவைத் திருப்பினார். தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார்.

"அக்காவைப் பறிகொடுத்த பொண்ணு நீதானாம்மா?"

தையல்காரி தலையசைத்தாள்.

"நீ தட்டினப்ப எழுந்து வந்து திறக்கணும்னுதான் நினைச்சேன். கால் வரல. வேற யாரோ வந்து திறந்தாங்க."

வெளியே கார் ஹாரன் அடித்தது.

"புதுக் கட்டடத்துலயும் என் பசங்க பின்கதவைப் பூட்டித்தான் வெச்சிருக்காங்க. துணி திருட்டுப் போகுதாம். நான் எதாவது சொன்னா, 'உங்களுக்குத் தொழில் தெரியாதும்மா'ன்னு வாயை அடைச்சிடறாங்க."

மறுபடி ஹாரன். இந்தத் தடவை நீளமாக. அந்தம்மா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார்.

"நீ தட்டினா, என் பசங்கள்ல ஒருத்தனாவது எழுந்து வந்து திறப்பான்னு நம்பித்தாம்மா இன்னைக்கு ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தேன்."